இரண்டு கட்டங்கள்

ஊரில் எல்லார் வீட்டு நாட்காட்டியிலும்
அந்த முப்பத்தொரு நாள்
ஜனவரியிலேயே சிவப்பாகிவிடும்.
மே பதினேழு, உலையை நிறுத்துவார்கள்.
அதற்கு மூன்று நாள் முன்பே
ஸ்வான்டே தன் பேக்கரியில் இரண்டாவது அடுப்பை மூட்டுவான்.
எஸ்தோனியாவிலிருந்து வெல்டர்கள் வந்து இறங்குவார்கள்.
விடுதியில் சாவி மிஞ்சாது,
படகுக் கொட்டகைக்கும் வாடகை உண்டு.
எந்த மரையை யார் எத்தனை மணிக்குக் கழற்றுவது,
கழற்றியதை எந்தத் தட்டில் வைப்பது,
எல்லாம் தாளில் இருக்கும்.
அதை இங்கே யாரும் நிறுத்தம் என்று சொல்வதில்லை.
சீசன் என்பார்கள்.

இது செப்டம்பர்.
ஞாயிறு இரவு இரண்டு பத்து.
கட்டுப்பாட்டு அறையின் பின்கட்டில்
ரக்னில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

தேதி சொல்லாமல் வருபவருக்கு
அதிதி என்று பெயர்.

பால்டிக் கடலிலிருந்து வந்தன, சொறிமீன்கள்.
நுங்குக்குக் கண் மூன்று,
இவற்றுக்கு வளையம் நான்கு.
எலும்பில்லை, மூளையில்லை, யார்மீதும் கோபமில்லை.
நீர் போகும் இடத்துக்குப் போயின.
நீர், உலையைக் குளிர்விக்கப் போய்க்கொண்டிருந்தது.

சல்லடையில் ஒன்று ஒட்டியது.
அதன்மேல் இன்னொன்று.
பிறகு எண்ணுவதற்கு யாரும் இல்லை.

முள் இறங்கியது.
முதலில் ஒரு மஞ்சள் விளக்கு, பிறகு சுவர் முழுக்க.
பாவனைக் கூடத்தில்
இருபத்திரண்டு வருடமாய் அழுத்திப் பழகிய பொத்தானுக்கு
ரக்னில் கை நீட்டினாள்.
விரல் மூடியைத் திறந்தது,
தொட்டது,
அழுத்தியது.
அதற்குள் கீழிருந்து கோல்கள் கிளம்பிவிட்டிருந்தன.
நான்கு நொடி.
டர்பைன் இறங்கும் ஓசை
பெரிய மிருகம் படுக்கப்போவது மாதிரி
நெடுநேரம் கேட்டது.

ஊரில் ஒரு விளக்கும் சிமிட்டவில்லை.
மின்சாரம் வேறெங்கிருந்தோ வந்தது,
வந்த வழி தெரியாமல்
யாரோ குளிர்பெட்டியைத் திறந்து பால் குடித்தார்கள்.

நின்றபின்னும் நிற்பதில்லை உலை.
நூற்றில் ஆறு பங்கு சூடு
உள்ளேயே உட்கார்ந்திருக்கும், பிறகு குறையும்,
குறைந்துகொண்டே இருக்கும்.
சானாவில் விறகு அணைந்தபின்
கல்லில் கைவைத்தவர்களுக்குத் தெரியும்.
அதற்கென்று தனி பம்பு, தனி டீசல்,
அந்த டீசலுக்கு ஒரு மாற்று டீசல்.
ரக்னில் ஒவ்வொன்றாய்ப் படித்தாள், இன்னொருவர் திருப்பிச் சொன்னார்.
குரல் நடுங்கவில்லை.
வெண்ணெய்க் கத்தி இடது கையிலேயே இருந்ததை
நாலரைக்குத்தான் பார்த்தாள்.

காலையில் படிவம் வந்தது.
திட்டமிட்டது, திட்டமிடாதது: இரண்டு கட்டம்.
அது சுலபம்.
அடுத்த வரியில் இன்னும் இரண்டு.
நிறுத்தியது மனிதரா, இயந்திரமா?
பதிவுத் தாளைக் கொண்டுவந்தார்கள்.
இயந்திரம் முந்தியிருந்தது,
நொடியில் பத்தில் மூன்று பங்கு.
இருபத்திரண்டு வருடம், பத்தில் மூன்று.
டிக் போட்டாள்.
வந்தது நிம்மதியா, வேறெதுவுமா,
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

எட்டு மணிக்கு முதல் லாரி வெளியே போனது,
பின்பக்கம் தண்ணீர் ஒழுக ஒழுக.
ஸ்வான்டே மாவுக் கையோடு வாசலுக்கு வந்தான்.
"எத்தனை நாள்? எத்தனை பேர்?"
"மூன்று நாள்.
ஆறு பேர், ஆறு மண்வெட்டி."
அவன் இரண்டாவது அடுப்பை மூட்டவில்லை.
ஆறு பன்களை மட்டும் தாளில் சுற்றிக் கொடுத்தான்,
காசு வாங்காமல்.

வீட்டுக்குப் போகிற வழியில்
வெளியேற்றுக் கால்வாயருகே வண்டியை நிறுத்தினாள்.
வருடம் முழுக்க வெதுவெதுப்பாய் இருக்கும் அந்த மூலையில்
பதினொரு அன்னங்கள்.
பாலையும் நீரையும் பிரிக்கும் என்பார்கள்.
இவற்றுக்குத் தெரிந்தது
சூட்டையும் குளிரையும்.
ஒன்று கால்வாய் வாயில்வரை நீந்திப் போனது,
தலையை உள்ளே விட்டு எடுத்தது,
திரும்பி வந்தது.
மறுபடி போனது.