ஒற்றைப் பல்

பகலில் நான் பிறர் வாய்க்குப் பல் செய்கிறேன்.
டுலூத் நகரில், ஏரியைப் பார்த்த மூன்றாம் மாடியில்,
பீங்கான் பொடி மூக்கில் ஏற ஏற
முகமறியாத கடைவாய்களுக்கு
மேடும் பள்ளமும் செதுக்குகிறேன்.
உயரம் ஒரு மயிரிழை கூடிவிட்டால்
அந்த மனிதர் இரவெல்லாம் அதையே மெல்லுவார்.

இரவில் நான் செய்வது ஒரே ஒரு பல்.
அதற்கு வாய் கிடையாது.

விரித்த உள்ளங்கை அளவு எஃகு வட்டு.
விளிம்பில் ஒரு கொக்கி,
எதிர்ப்புறம் எடையைச் சமன்செய்யத் தடித்த முதுகு.
"இன்னொரு பல் வைத்தால் இரட்டை அடி விழுமே?"
என்றார் பக்கத்து வீட்டு ஆர்விட்.
விழாது, ஆர்விட்.
பல் கூடினால் கடி குறையும்.
போன பல் சுற்றி மறுபடி வருவதற்குள்
எதிரி கொஞ்சம் உள்ளே வந்திருக்க வேண்டும்.
எவ்வளவு வந்தானோ அவ்வளவு ஆழம்.
நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன்:
பதிமூன்று மில்லிமீட்டர்.
அவர் நோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

ஜனவரி. கராஜில் மைனஸ் பதினெட்டு.
ஹீட்டர் என் முழங்காலை மட்டும் கவனித்துக்கொண்டது.
பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைத்து அடைகாத்தேன்.
தராசு ஒன்பது கிராம் கூடக் காட்டியது.
ஸ்குரூத் தலைகளைச் சீவினேன்,
சக்கரத்தில் துளை போட்டேன்,
இன்னும் ஒரு கிராம், ஒரே ஒரு கிராம்,
கடைசியில் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தேன்.
அப்படித்தான் அது பெயரில்லாமல் போனது.

முதன்முதலாய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் சுழலவிட்டபோது
அடுத்த தெருவில் ஒரு நாய் எழுந்து குரைத்தது.
நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று.
என் சொந்தக் கடைவாயில் அடைத்த வெள்ளி கூசியது.
திருப்பினால் வண்டி ஒரு சக்கரத்தைத் தூக்கியது,
கம்பத்தைக் கண்ட அந்த நாயேபோல.

ஏன் இதெல்லாம் என்கிறார்கள்.
பொழுது போகவில்லை என்கிறேன்.
இருபத்திரண்டு வருடம் பல் செய்கிறேன்;
நான் செய்த ஒரு பல்லும்
எதையும் கடித்து நான் பார்த்ததில்லை.

பாலம் தாண்டி சுப்பீரியரில்,
மூடிப்போன பௌலிங் கூடத்தில் போட்டி.
எதிரே எய்னோ லாஹ்தெலா, இறைச்சிக் கடைக்காரர்.
இரண்டு சக்கரம், முன்னால் சாய்த்து வைத்த
வெள்ளைப் பிளாஸ்டிக் வெட்டுப்பலகை, கடையிலிருந்து
கழற்றிக்கொண்டு வந்தது, குறுக்கும் நெடுக்கும் கத்திக் கோடுகளோடு.
"சுற்றுவது ஒன்றும் இல்லையா?"
"கத்தி எனக்குக் கடையிலேயே போதும், சிக்னே."

பாதுகாப்பு ஊசியை உருவினேன். கதவைச் சாத்தினார்கள்.

முதல் அடியில் அவர் சக்கரம் ஒன்று
கூடத்தின் பழைய தடத்தில் உருண்டு போனது.
அதே அடியில் என் வண்டி
அந்தரத்தில் இரண்டு முறை புரண்டு விழுந்தது.
கொடுத்ததை அப்படியே எனக்கும் கொடுக்கிற அடி.
மறுபடி நிமிர்ந்தேன், மறுபடி முறுக்கேற்றினேன்,
நேராகப் பலகையில் போய் விழுந்தேன்.

சத்தம் நின்றது.
கமர்கட்டைக் கடித்த வாய் மாதிரி
பல் உள்ளே, திறக்க வழியில்லை.
மோட்டாரிலிருந்து ஒரு நூல் புகை.
மீதி நேரம் முழுக்க
ஒற்றைச் சக்கரத்தால் நொண்டி நொண்டி
என்னை மூக்கில் மாட்டிக்கொண்டு
அவர் களத்தைச் சுற்றி வந்தார்.
நடுவர் மூவரும் ஒரே கையைத் தூக்கினார்கள்.

பிரிக்க யாராலும் முடியவில்லை.
அவர் பலகையைத் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டார்.
நான் வட்டைப் பிடித்து இடமும் வலமும்
அசைத்து அசைத்து, இழுக்காமல்,
என் பல்லை நானே பிடுங்கினேன்.

சுத்தமான குழி. பிசிறில்லை.
சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன்.
பிறகு பையிலிருந்த அளவுகோலை விட்டேன்.
பதிமூன்று.
இன்னொரு முறை விட்டேன்.

"இதை இழைத்துவிடாதீர்கள்" என்றேன்.
"திங்கட்கிழமை மாட்டுத் தொடை வருகிறது,"
என்றார் எய்னோ, "பார்க்கலாம்."

தோற்றுத் திரும்பும் வழியில்
பாலத்தின் மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.
காரில் ஹீட்டரைப் போடவில்லை என்று
பாதிப் பாலம் வந்த பிறகுதான் தெரிந்தது.