ஏழரை

கிளச் மாற்றி, கியர்பெட்டி இறக்கி ஏற்றி,
டீசல் பம்பையும் சேர்விஸ் பண்ணித் தந்த பிறகு
லீற்றருக்குப் பதினாலு ஓடின என் சன்னி
ஒன்பதுக்கு இறங்கிற்று.

கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தோராவது வருசமாய்க்
கணக்கு எழுதுகிறேன்.
சீனி மூட்டையில் குறைந்தால் எலி.
எலி இல்லையென்றால் ஆள்.
எனக்குத் தெரிந்த சாத்திரம் அவ்வளவுதான்.

முதலில் எலியைத் தேடினேன்.
டாங்கிக்குக் கீழே வெள்ளைச் சீலை விரித்து
இரவு முழுக்க விட்டேன்.
விடியப் பார்க்க ஒரு வேப்பம்பழம் கிடந்தது.
எயர் பில்டரைக் கழற்றித் தட்டினேன்:
உரும்பிராய்ச் செம்மண், அரைச் சுண்டு.
ரயர் நாலுக்கும் காற்று.
புகை கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை.
பழி போடலாமென்றால் இந்த ஊரில்
ஏறி இறங்க ஒரு மேடுகூட இல்லை.

பிறகு ஆள்.
கொக்குவில் கராஜில் சாவி எடுத்துக் கொடுக்கும் நிரோசன்
குழாய் விட்டு உறிஞ்சுகிறான் என்று
நானே தீர்த்து, மூடிக்குப் பூட்டுப் போட்டு,
திருநெல்வேலிச் சந்தையில் இரண்டு பேருக்குச் சொன்னேன்.
இரண்டு பேர் என்றால் இங்கே
எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

பூட்டுப் போட்ட பிறகும் ஒன்பது.

மெக்கானிக் பாலேந்திரா வாதாடவில்லை.
"அக்கா, ஒரு சுத்து ஓடிப்போட்டு நேர இஞ்ச வாங்கோ.
சில்லுக்குத் தண்ணி அடிச்சுப் போடாதேங்கோ."
வந்து நின்றதும் குந்தியிருந்து
புறங்கையால் ஒவ்வொரு சில்லாய்த் தொட்டுக்கொண்டு போனார்.
பின் வலதில் கை நிற்கவில்லை.
"கான்ட்பிறேக் கேபிளை இறுக்கிப்போட்டம்.
நீங்கள் போ எண்ண, இது நில் எண்டிருக்கு."

தளர்த்தினார். பத்து.
ஒன்று வீடு திரும்பிற்று, நாலு இன்னும் வெளியே.

ஞாயிறு விடிய, டாங்கியைக் கழுத்துவரை நிரப்பி
ஏ-ஒன்பதில் தெற்கே போனோம்.
பக்கத்தில் பாலேந்திரா.
பின்சீற்றில், நான் கேளாமலே கூட்டி வந்த நிரோசன்.
சாவகச்சேரி தாண்டும்வரை ஒருவரும் பேசவில்லை.
கொடிகாமத்தில் அவன்தான் வாய் திறந்தான்:
"அன்ரி, றோட்டுக் கல்லை எண்ணிப் பாப்பமே?"

அவன் கல்லை எண்ணினான்.
நான் மீற்றரைப் பார்த்தேன்.
பளை வர முன்னமே பத்தாவது கல்.
மீற்றரில் ஏழரை.

பாலேந்திரா வெடித்துச் சிரித்தார்.
"ஏழரைச் சனி கேள்விப்பட்டிருக்கிறன்.
இது ஏழரைச் சன்னி!"
பிறகு நிறுத்திவிட்டார்.
மீற்றருக்குப் போகிற பல்லுச்சில்லை மாற்றியது அவர்தான்.
பதினெட்டுப் பல்லு இருந்த இடத்தில்
வேறெதன் சாமானோ,
இருபத்துநாலு.

டீசல் ஒரு சொட்டும் களவு போகவில்லை.
தூரம்தான் பதியாமல் போயிருக்கிறது.
ஓடியது பத்து, எழுதியது ஏழரை,
பதிவேட்டை நம்பி நான் ஆளைப் பிடித்தேன்.

திரும்பும்போது மனக்கணக்குப் போட்டேன்:
பதின்மூன்றும் சொச்சமும்.
முக்காலுக்கும் குறைவாய் ஏதோ இன்னும் துண்டு விழுகிறது.
சங்கத்தில் என்றால் அதையும் விடமாட்டேன்.

கண்ணாடியில் நிரோசன்.
உதடு அசைய, இப்போது இந்தப் பக்கத்துக் கற்களை எண்ணுகிறான்,
யாரும் எண்ணச் சொல்லவில்லை.

கராஜ் வாசலில் இறங்கி
மூடிப் பூட்டின் சாவியை அவனிடம் நீட்டினேன்.
"இத வச்சு நான் என்ன செய்யிறது, அன்ரி?" என்றான்.
எனக்கும் தெரியவில்லை.
கையை இழுக்கவும் முடியவில்லை.

நாளைக்குச் சந்தை.
அந்த இரண்டு பேரும்
வழமைபோலக் கீரைக்காரியிடம் நிற்பார்கள்.