ஈரத்துக்குக் கழிவு

சேரம்பாடியில் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குக்
கதவு கிடையாது.
மழை வந்தால் சாக்கோடு நாங்களும் நனைவோம்.
நூறு கிலோவுக்குப் பத்து,
ஈரத்துக்குக் கழிவு என்று எழுதுவான் சஜீவன்.
வெயில் காலத்திலும் எழுதுவான்.
கேட்டால், "பேனா பழகிப்போச்சு சேட்டா."

அறுபது சென்ட் எனக்கு.
பட்டா இல்லை, செடி உண்டு.

அந்த வைகாசியில் பலகையில்
பதினான்கை அழித்துப் பதினெட்டு எழுதியிருந்தது.
என்னடா என்றேன்.
"சிலோன் சரக்கு வரலை.
உரத்தை நிறுத்திட்டாங்க, செடியும் நின்னுட்டுது.
நமக்கு நல்ல காலம்."
நமக்கு என்றான்.
நானும் தலையாட்டினேன்.
தாளூர் செக்போஸ்ட் தாண்டி, பத்தேரி போய்
அரைக் கிலோ நெய்மீன் வாங்கினேன்,
மகளுக்கு ஒரு குடை.

ராத்திரி மஸ்கெலியாவிலிருந்து யோகராணி.
சித்தப்பா மகள். நேரில் பார்த்ததில்லை.
திரையில் முகம் இல்லை, கரண்ட் இல்லாத கறுப்புதான்.
ஹட்டனில் காஸுக்கு மூன்று நாள் நின்றானாம் அவள் புருஷன்.
சிலிண்டருக்குச் சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு,
பூட்டின்மேல் தலைவைத்துத் தூக்கம்.
லாரி வந்தது. இவனுக்கு முன்னால் நான்கு பேரோடு தீர்ந்தது.
"கொழும்புக்காரங்களுக்கு இது புதுசு அண்ணே,
காருக்குள்ள இருந்துகிட்டே அழுவுறாங்க.
நமக்கென்ன, வரிசைதானே."

வரிசைதான்.
முதலில் கோப்பிக்கு நின்றோம்.
இலையில் துரு விழுந்து மலையே செத்தது.
துரைக்கு நட்டம் என்று எழுதிவைத்தார்கள்.
கூலிக்கு என்ன என்று எழுதவில்லை.
பிறகு தேயிலை.
இலையை விற்று அரிசி வாங்கும் தீவு அது,
இலை இறங்கினால் உலை இறங்கும்.
கொடி ஏறிய வருடமே
எங்கள் பேரைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள்.
பதினாறு வருடம் கழித்து
இரண்டு தலைநகரம் கூடி எங்களை நிறுத்தது:
உனக்கு ஐந்தேகால் லட்சம்,
எனக்கு மூன்று லட்சம்,
தராசில் மிஞ்சிய ஒன்றரை லட்சத்தை
அப்புறம் பார்க்கலாம்.
பத்து வருடம் கழித்துப் பார்த்தார்கள்.
பாதி, பாதி.

என் அப்பா பெரியாண்டி இந்தத் தட்டு.
அவர் தம்பி சன்னாசி அந்தத் தட்டு.
எழுபத்து நாலு. பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை,
மரவள்ளி தோண்டிய குழிக்குள்
மறுபடி தோண்டிப் பார்த்த வருடம்.
தலைமன்னார் ரயிலில் கையசைக்கச் சித்தப்பா வரவில்லை,
அன்று அவருக்குப் பேர் போடும் நாள்.
கப்பல் மூன்று மணி நேரம்.
மண்டபம் முகாமில் நான் பிறந்தேன்.
அப்புறம் லாரி, இந்த மலை, அதே செடி.
கடல் கடந்து வந்து
விட்ட இடத்திலிருந்தே கிள்ளத் தொடங்கினார்கள்.

"அங்கிட்டு கொழுந்து விலை ஏறிருச்சாமே அண்ணே?"
யோகராணி கேட்டாள்.
"நல்லா இருங்க."
குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே சொன்னாள்.
பல்லிடுக்கில் மீன்முள்ளைத்
துழாவிக்கொண்டிருந்தேன் நான்.

பால்மா, சோப்பு, காய்ச்சல் மாத்திரை.
பொதி கட்டிப் பந்தலூர் தபாலுக்குக் கொண்டுபோனேன்.
அங்கேயும் தராசு.
உள்ளே இருப்பதைப்போல் மூன்று மடங்கு கட்டணம் சொன்னார்கள்.
திருப்பிக் கொண்டுவந்து
பால்மாவை நாங்களே குடித்தோம்.
மகளுக்குப் பிடித்திருந்தது.

ஆடி கடைசியில் பலகையில் பதின்மூன்று.
சஜீவன் உச்சுக்கொட்டினான்.
அங்கே செடி துளிர்த்திருக்கும் என்று
ஒரு நிமிடம் நெஞ்சு லேசாயிற்று.
மறு நிமிடம் வட்டிக்காரன் குஞ்ஞாலி ஞாபகம்.

அன்று மழை இல்லை. நாலு நாளாகவே இல்லை.
சாக்கு மொடமொடவென்று இருந்தது.
ஈரத்துக்குக் கழிவு, பத்து
என்று எழுதினான்.
நான் கேட்கவில்லை.
கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.