தாழ்ந்த கூரை

வின்னிபெக் நடுநகரில்
முப்பது மாடிகளின் வரிசையில் ஒரு பொக்கை:
அந்த பர்கர் கடை.
தட்டைக் கூரை, பதினெட்டு கார் நிற்க இடம்.
‘நிலம் வீண்’ என்று
அறிக்கை எழுதியவள் நான்தான்.
இன்றும் அதையே சொல்வேன்.

ஜனவரி, மைனஸ் இருபத்தெட்டு.
பதினோரு மணிப் பேருந்துக்கு நிற்கும் கொலெட்
ஒரு கையுறையை மட்டும் கழற்றி
பொரித்த உருளைக்கிழங்கு தின்கிறாள்.
தெரு முழுக்க நிழல்.
அந்தக் கூரையைத் தாண்டி வந்து விழுந்ததில்
அவள் நிற்கும் நாலடி மட்டும்
மஞ்சள்.

வரைபடத்தில் அளந்தேன்:
நாற்பது நிமிட வெயில்.
புதுக் கட்டடம் எழுந்தால்
அதுவும் கிடையாது.

படிவத்தில் இதற்கென்று கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு
‘இடிக்கலாம்’ என்பதற்குக் கீழே
பேனாவால் கையெழுத்துப் போட்டேன்.