இரண்டரைப் பாத்தித் தண்ணீர்

ராத்திரி ஒன்று நாற்பதுக்கு
மூன்று ஃபேஸ் கரண்ட் வந்ததும்
கைப்பேசி ஒருமுறை சிணுங்கும்.
அல்தாஃப் பொருத்திக் கொடுத்த பெட்டி;
மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது என்று சொல்லும்.
எந்த வால்வைத் திறப்பது என்று
அது சொல்லாது.

பாத்தி நான்கு.
தண்ணீர் இரண்டரைக்கு.

ஆயிரத்து நூற்றிருபது அடியிலிருந்து
முதல் ஐந்து நிமிடம் காற்றுதான் வரும்.
குழாய் இருமும், செருமும்,
துருநிறத்தில் ஒரு வாய் உமிழும்,
பிறகுதான் தண்ணீர், வெதுவெதுப்பாக.
சர்ஜாபுரத்து மார்கழியில்
கை விறைக்க வால்வு திருகுகிறவர்களுக்கு
அந்தச் சூடு ஒரு நிமிடச் சம்பளம்.

வெள்ளைச் சாமந்திக்கு முதலில்.
சனிக்கிழமை பறிப்பு; மொட்டு இப்போது ஏமாந்தால்
பொட்டளவிலேயே நின்றுவிடும்.
ரோஜாவுக்கு நேற்றே கொடுத்தாயிற்று,
இன்றைக்கு நாக்கை நனைத்தால் போதும்.
கனகாம்பரம் கேட்காது.
கேட்காததாலேயே கடைசியில் நிற்கிறது.
எங்கள் வீட்டில் இந்த வழக்கம் யாரிடம் தொடங்கியது என்று
எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

சம்பங்கியைப் பற்றி
எனக்கும் நாத்தனார் வேதவல்லிக்கும்
ஒரு மாதமாகப் பேச்சு.
பிடுங்கிவிடலாம் என்கிறாள்.
கணக்கு அவளுடையது, சரியான கணக்கு.
மார்க்கெட்டில் கிலோவுக்குத் தருவதில்
பறிப்புக் கூலி, வண்டி, கமிஷன் போக
மீதியை எண்ண விரல்கள் அதிகம்.
ஐப்பசியில் பூ பொங்கிய வாரம் பார்த்து
மூன்று நாள் மழை.
அத்தனையும் பழுப்பாகி அழுகியது.
மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள் நான்தான்,
இதே வாயால்.

வேலிக்கு அந்தப் பக்கம் பதினான்கு மாடி.
பெயரில் ஒரு பூ உண்டு,
வாசலில் பிளாஸ்டிக் புல்.
ஒன்பதாம் மாடிச் சமையலறையில்
இந்நேரத்துக்கும் விளக்கு.
அவர்கள் குழாயும் இருமுகிறதோ என்னவோ.

புட்டராஜு டேங்கர் ஓட்டுகிறவன்.
போன வாரம் வந்தான், டீ குடித்தான்,
பூ எதுக்கு அக்கா, தண்ணியை வித்துடுங்க என்றான்
கன்னடத்தில், மரியாதையாக.
லோடுக்கு அவன் சொன்ன தொகை
சம்பங்கியின் ஒரு வாரம்.
வேதவல்லி என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான் டம்ளரைக் கழுவினேன்,
வழக்கத்தைவிட அதிக நேரம்,
வழக்கத்தைவிடக் குறைந்த தண்ணீரில்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
வரிசை வரிசையாகக் குனிகிறேன்.
உப்படைத்த சொட்டுவாய்களை ஊக்கால் குத்தக் கூடாது,
ஓட்டை பெரிதாகிவிடும், ஆசிட் விடுங்கள் என்றார் கடைக்காரர்.
விட்டோம்.
இப்போதும் ஊக்குதான்.

பதினோராம் வரிசையில் ஒரு சீற்றம்.
அணில் கடித்திருக்கிறது.
தண்ணீர் விசிறியாக எழும்பி
யாரும் எதுவும் நடாத இடத்தை நனைக்கிறது.
அணிலுக்கென்றே ஒரு மண்சட்டி வைத்து
தினமும் நிரப்புகிறோம்;
அதில் மைனாக்கள் குளிக்கின்றன.

இணைப்பியைச் செருகிவிட்டு நிமிர்ந்தால்
களையோடு களையாக ஒரு செண்டுமல்லி.
ஆயுதபூஜைக்கு மோட்டாருக்குப் போட்ட மாலை
காய்ந்து உதிர்ந்ததாக இருக்கும்.
யார் கணக்கிலும் இல்லாதது,
திருட்டுத் தண்ணீரில் முழங்கால் உயரம்.

மூன்று பத்து.
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே
இடைவெளி நீள்கிறது.
அரைப் பாத்தி மீதி.

வேதவல்லி எப்போது எழுந்து வந்தாள் தெரியவில்லை.
ஸ்வெட்டருக்கு மேல் துண்டு,
கை சம்பங்கி வால்வின் மேல்.
இந்த வாரம் மட்டும் என்றாள்.
போன வாரமும் அதையேதான் சொன்னாள்.
நான் ஞாபகப்படுத்தவில்லை.

இருட்டில் தண்ணீர் போவது கண்ணுக்குத் தெரியாது,
மண் வாசனையும் பூ வாசனையும்
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும்.
கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது.
அந்தப் பக்கம் டார்ச்சைத் திருப்பாமல்
இருவரும் வரப்பில் நடந்தோம்,
நான்கு மணி வண்டிக்குக் கூடை எடுக்க.