இருபது நாள் வீடு

தாளில் முதலில் சரிவு கறுப்பாகத்தான் இருந்தது.
சமவுயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கி
மூச்சுவிட இடமில்லாமல்
ஒரே மை.
அதற்குள் எங்கே வைப்பது
நூற்று நாற்பது சதுர மீட்டரை?

ஷெக்கன் பள்ளத்தாக்கில்
பஸ் திரும்பும் வளைவுக்கு மேலே
முப்பத்தெட்டுப் பாகை.
நின்றால் ஒரு கால் எப்போதும் நீளம்.
பீச் மரங்கள் அடியில் வளைந்து
பிறகு யோசித்து நிமிர்ந்திருந்தன.
"கன்றாக இருந்தபோது பனி தள்ளியது" என்றார்
வனக்காவலர் ஹெர்கர்.
ஸ்பிரே டப்பாவைக் குலுக்கி
ஐந்து மரங்களில் சிவப்புப் புள்ளி வைத்தார்.
ஆறாவதன் முன் நின்றார், குலுக்கினார்,
டப்பாவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.
என் படிக்கட்டு அதைச் சுற்றித்தான் ஏறுகிறது.
ஏனென்று கேட்பவர்களிடம்
மழைநீர் ஓட்டம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நினாவுக்கும் ரெட்டோவுக்கும் கண்ணாடி வேண்டும்,
தெற்கே, தரையிலிருந்து கூரைவரை.
சூரிச்சில் அவர்கள் ஜன்னலைத் திறந்தால்
அடுத்தவன் வெங்காயம் நறுக்குவது தெரியும்.
நியாயமான ஆசை.
பதினோரு மீட்டர் வரைந்தேன்.
பின்பாதி மலைக்குள்,
முன்பாதி மூன்று கால்களில், அந்தரத்தில்.

இங்கே கட்டுவதற்கு முன்
வீட்டின் விளிம்புகளைக் கம்பம் நட்டுக் காட்டவேண்டும்.
இருபது நாள் ஊர் பார்க்கும்.
பிடிக்காதவர் எழுதலாம்.

நவம்பரில் நட்டோம்.
சுவர் இல்லை, கடன் இல்லை, கசிவு இல்லை;
நான் கட்டியதிலேயே நல்ல வீடு அதுதான்.
குளியலறையில் பெரணி முளைத்திருந்தது.
எட்டாம் நாள் பனி.
ஒன்பதாம் நாள் போய்ப் பார்த்தால்
கூரை மண்ணைத் தொடவேண்டிய இடத்தில்
ஒரு மான் படுத்தெழுந்த அளவுக்குக் குழி.
குளம்படிகள் பக்கவாட்டில் இறங்கி,
இன்னும் இல்லாத மூன்று கால்களுக்கு நடுவே
குனிந்துகூடப் பார்க்காமல் போயிருந்தன.

பதினேழாம் நாள் கடிதம்.
அலோயிஸ் கிஸ்லர், எதிர்ச் சரிவு,
குளிர்காலம் முழுக்க வெயில் எட்டாத பக்கம்.

"உயரம் பற்றி எனக்கொன்றுமில்லை.
கான்க்ரீட்டும் கல்தானே.
நான்கு மணிக்குப் பால் கறக்க எழுகிறேன்.
எதிரே அப்போது ஒன்றும் இருக்காது.
அதைப் பார்த்துத்தான்
வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்கிறேன்.
உங்கள் பதினோரு மீட்டர் எரிந்தால்
நான் எங்கே பார்ப்பது?"

செல்லாது என்றார் வக்கீல்.
சரிதான். இருட்டுக்கு எல்லைக்கல் நட்டவர் யார்?
ஆனாலும் போனேன்.
கறந்த பாலின் ஆவி வாசல்வரை வந்தது.
கம்பங்களுக்கு நடுவே, கைவிளக்கோடு,
ரெட்டோவை நிற்க வைத்திருந்தேன்.

போடு என்றேன் போனில்.

ஒரே ஒரு கைவிளக்கு.
மலை முழுவதும் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

கிஸ்லர் வெற்றி பெற்றவர்போல் பார்க்கவில்லை.
"அந்த மனுஷனுக்குக் குளிரும்,
அணைக்கச் சொல்லுங்கள்" என்றார்.

அணைந்ததும் உடனே எதுவும் வரவில்லை.
ஒரு மாடு இருமியது.
பிறகு முகடு, அதற்குக் கீழே காடு,
கோடு கோடாக, நெருங்கி நெருங்கி,
என் முதல் தாளின் அதே மை.

நான்கு மீட்டர் கண்ணாடி. மீதிக்கு லார்ச் பலகை.
ரெட்டோ கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டான்,
அங்கே நின்றவன் அவன்.
நினா இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை.

இப்போதும் வரைபடத்தை விரித்தால்
விரலால் அளந்து கேட்கிறாள்:
என் ஏழு மீட்டர் எங்கே?
எதிர்ச் சரிவைக் காட்டுகிறேன்.
அங்கே ஒன்றுமில்லையே என்கிறாள்.