சுண்டுவிரல் நீளம்

பெட்டியைப் பிரித்ததும் மனசு சுருங்கியது.
இதற்கா இவ்வளவு?
சுண்டுவிரல் நீளம், உள்ளங்கையில் ஒரு குளிர்.

உடம்பு சொரசொரப்பு. கிரீஸ் கையிலும் வழுக்கவில்லை.
கிளிப்தான் முரடு:
முதல் நாளே சட்டைப்பையின் தையலைப் பிரித்துவிட்டது.
மூன்று தட்டு தட்டினால் சுவர் வெளுக்கிறது.
அழுத்திப் பிடித்தால்
மூன்றாம்பிறை அளவுக்கு ஒரு கசிவு.

அன்றிரவே திபிலிசியின் வடகோடிக் குடியிருப்பில்
காசு போட்டால் ஏறும் லிஃப்ட்
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் நின்றது.
காந்த வாலை இரும்புத் தண்டில் ஒட்டினேன்.
இரண்டு கையும் எனக்கே திரும்பின.
இத்தனை வருடம் பல்லில் கடித்த பழைய டார்ச்சின்
துரு ருசியைத் துப்பினேன்.

கதவிடுக்கில் வெளிச்சம் விழ,
உள்ளே தரையில் சியாலா, மடியில் கேக் டப்பா.
"நுக்சார், அந்தக் குட்டிச் சாமான் என்ன விலை?"
பாதி சொன்னேன்.
"அதுவே கொள்ளை" என்றாள்.
என் மனைவியின் சிநேகிதி.
நாளைக் காலைக்குள் செய்தி போய்விடும்.

அவள் போனபின் கீழே நோக்கி மூன்று தட்டு.
குழியின் அடிவரை பகல்.
யார் யாரோ தவறவிட்ட சில்லறை, எண்ணெய்ப் பிசுக்கில் மினுங்கியது.

இறங்கிப் பொறுக்கினேன்.
சட்டைப்பைக்குத் தையல்கூலி தேறும்.